தலைகீழ் முகம்

பாலையூற்றில், கோயிலுக்குப் பின்வீதியில்
ஜெசிந்தாவின் பிரிட்ஜ் கடிக்கிறதாம்.
மீன் எடுக்கக் கை வைத்தால் சுள்ளென்று ஒரு கடி.
"கோயிலுக்குள்ள செருப்பைக் கழட்டுறம்,
குசினிக்குள்ள போடுறம் தம்பி.
றப்பர் செருப்பில்லாமல் அதைத் திறக்கேலாது."

குந்தியிருந்து பார்த்தேன்.
பிளக் பொயின்ற் தலைகீழாய் நின்றது.
நிமிர்ந்து நின்றால் அதற்கும் ஒரு முகமுண்டு:
நெற்றியில் நெட்டாய் ஒரு பொட்டு,
கீழே பாதி மூடிய இரண்டு கண்.
இது வாயைத் தொங்கவிட்டு
எதையோ கேட்டுத் திகைத்த முகம்.

"கரண்ட் வருதுதானே,
எது மேல எது கீழ எண்டு அதுக்குத் தெரியுமோ?"

கரண்டுக்குத் தெரியாது.
விழுகிற பொருளுக்குத் தெரியும்.
நேர் மேலே ஓர் ஆணி,
ஆணியில் வெள்ளிச் செபமாலை.
பாதி கழன்ற பிளக்கின் பின்னால்
ஒருநாள் அது நழுவினால்
முதலில் தொடவேண்டியது மண்ணை.
எல்லாவற்றுக்கும் முதல் உள்ளே போய்
எல்லாவற்றுக்கும் பிறகு வெளியே வருகிற
அந்த நீள முள்ளை.
இங்கே மண் கீழே கிடக்கிறது.
மேலே, இடது பக்கத்தில், உயிர்.

அவளுடைய மகன் அபிஷான்
இரண்டு முள் சார்ஜரோடு வந்தான்.
ஈர்க்கால் மண்துளையைக் குத்தினால்
மற்ற இரண்டு கதவும் திறக்கும் என்று
எட்டு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறான்.
ஈர்க்கை வாங்கி முறித்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

மெயினை விழுத்தினேன்.
ரெஸ்ரரால் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.
குசினி இருண்டது. ஜெசிந்தா டோர்ச் பிடித்தாள்.

மூடியைக் கழற்ற, செப்பில் பச்சை பூத்திருந்தது.
உப்புக்காற்று இந்த ஊரில்
வாடகை கொடாமல் சுவருக்குள்ளும் குடியிருக்கும்.
அதற்குப் பின்னால் ஏர்த் கம்பி,
இரண்டு விரற்கடை கட்டை,
நுனியில் நீல ரேப் சுற்றி மடித்துச் சொருகியபடி.
எட்டட்டும் என்று
முகத்தையே திருப்பிப் பார்த்திருக்கிறான்.
அப்போதும் எட்டவில்லை.
திருப்பியபடியே பூட்டிவிட்டான்.

"எந்தக் குருட்டுப் பயலின்ர வேலையோ"
என்றாள் ஜெசிந்தா.
"வாங்கேக்க வீடு வடிவாத்தான் இருந்தது."

பெட்டியின் உட்சுவரில் பென்சில் எழுத்து:
12-4.
நான்தான் பெட்டிக்குப் பெட்டி திகதி எழுதுகிறவன்.
ஆறு வருடத்துக்கு முன் வேறொருவர் வீடு இது.
வருஷப்பிறப்புக்குள் குடிபூர அவர்களுக்கு அவசரம்.
கறுப்பு ரேப் முடிந்து நீலம்தான் கிடந்தது.
பச்சைக் கம்பிச் சுருளும் முடிந்தது,
டவுனில் கடைகள் பூட்டியாயிற்று.
நாளைக்கு வந்து செய்வேன் என்று
யாருக்கும் சொல்லவில்லை, எனக்குச் சொன்னேன்.
அந்த நாளை
இந்தப் பெட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடந்திருக்கிறது,
இவளுடைய கையைக் கடித்துக்கொண்டு.

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று
அதை ஒதுக்கி நேராய் இணைத்தவன் வேறு யாரோ.
அது நானில்லை.
இதில் என்ன ஆறுதல், ஆனாலும் இருந்தது.

"ஓம் அக்கா, குருடன்தான்."

பச்சைமஞ்சள் கம்பி புதிதாய் இழுத்தேன்.
கிணற்றடியில் ஏர்த் குத்தியைத் தேடினால்
கிளாம்ப் துருவாய் உதிர்ந்தது;
ஆவணிக் காய்ச்சலில் மணல் மாவாய் இருந்தது.
புதுக் கிளாம்ப் பூட்டி இறுக்கி
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
மண்ணும் ஈரமிருந்தால்தான் வாங்கிக்கொள்ளும்.

திரும்பி வந்து முகத்தை நிமிர்த்தினேன்.
மூடுமுன், பழக்கதோஷம்,
பென்சிலை எடுத்துப் பழைய திகதிக்குக் கீழே
24-8 என்று எழுதினேன்.

டோர்ச் வெளிச்சம் அசையவில்லை.
மேலே ஒரு நாலு. கீழே ஒரு நாலு.
இரண்டும் ஒரே மாதிரி வாய் பிளந்து நின்றன.

"நாலு ஒரே கைதான், என்ன?" என்றாள்.

எச்சில் விழுங்கினேன்.
வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

"இன்னும் எத்தினை பொயின்ற் இருக்கு?"

"பதினாறு."

"நாளைக்கு எண்டு போகாத.
இருட்ட முதல் முடி."